குக்ஸ்ஹாஃபனில் அம்மாவுடன்: கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை

புறப்படும் முன்

தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு, ஜெர்மனியில் நான் இருக்கும் ஹனோவரில் எல்லாமே பிடித்திருந்தது, ஊரில் கடல் இல்லை என்பதைத் தவிர. மாஷ்ஸே ஏரிக்குக் கூட்டிப் போனேன். "நல்லாத்தான் இருக்கு, உப்புக் காத்து இல்லையே" என்றாள். சரி, வட கடலுக்கே போய்விடுவோம் என்று முடிவானது.

ஊரைத் தேர்ந்தெடுக்க அதிகம் யோசிக்கவில்லை. எல்பெ ஆறு வட கடலில் சேரும் இடத்தில் இருக்கும் குக்ஸ்ஹாஃபன் வரைக்கும் ரயில் போகிறது. கார் வேண்டாம், படகு வேண்டாம், மேடு பள்ளம் இல்லாத ஊர். இரண்டு பேருக்கும் மாதச் சீட்டு (2025இல் அது 58 யூரோ) இருந்ததால் சாதாரண ரயில்களில் தனிச் செலவும் இல்லை.

தங்குமிடத்துக்குத்தான் ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கையில் இருக்கும் பணமும் அளவானது. டூனன் பகுதியில் கடலைப் பார்த்த ஜன்னலோடு இருவர் அறை ஓர் இரவுக்கு 190 யூரோவுக்குக் குறையவில்லை. அடுத்து ஒரு விடுமுறைக் குடியிருப்பைப் பார்த்தேன். சமையலறையோடு இரவுக்கு 70 யூரோ என்று கண்ணைப் பறித்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனால் துப்புரவுக் கட்டணம் 65, படுக்கை விரிப்பும் துண்டும் ஆளுக்கு 15. நான்கு இரவுக்கு 375 யூரோ, சாப்பாடு நம் பாடு. டோஸெ பகுதியில், கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு சின்ன கார்னி விடுதி. கார்னி என்றால் காலை உணவு மட்டும் தரும் விடுதி, உணவகம் கிடையாது. இரவுக்கு 98 யூரோ, இருவருக்கும் காலை உணவு அதற்குள். நான்கு இரவுக்கு 392. குடியிருப்பை விட 17 யூரோதான் கூடுதல், காலையில் வயிறு நிறைந்துவிடும், அம்மா விடுமுறையிலும் அடுப்படியில் நிற்க வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

செப்டம்பர் என்பதும் கணக்கில் சேரும். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன, இலையுதிர்கால விடுமுறை அக்டோபரில்தான். இந்த இடைவெளியில் விலை இறங்கும், கடலோ கோடையின் சூட்டை இன்னும் வைத்திருக்கும்.

முன்பதிவுத் தளத்தில் பொத்தானை அழுத்தாமல் விடுதிக்கே போன் செய்தேன். இதை யாருக்கும் சொல்வேன். தரைத்தளத்தில் அறை உண்டா, குளியலறைக்குள் போகப் படி இருக்கிறதா, வெந்நீர் போட அறையில் கெட்டில் இருக்குமா என்று கேட்டேன். எடுத்த அம்மணி பொறுமையாகப் பதில் சொன்னார். தரைத்தளத்தில் ஓர் அறை உண்டு, குளியலறை வாசலில் படி இல்லை, கெட்டில் கிடையாது. சாவி வாங்க மாலை ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும், அதற்கு மேல் வரவேற்பில் ஆள் இருக்காது.

செப்டம்பர் 18, வியாழன்

மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் ரயிலே தாமதம், அதனால் யூல்சனில் இணைப்பு ரயில் கிளம்பிப் போய்விட்டது. அடுத்ததும் வரவில்லை. ஆனால் மாட்டிக்கொண்டு நிற்க இதை விட நல்ல ரயில் நிலையம் கிடைக்காது. ஹூண்டர்ட்வாஸர் என்ற ஆஸ்திரியக் கலைஞரின் வடிவமைப்பில் 2000ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டி புதுப்பித்த நிலையம் இது. தூண்கள் உருண்டு திரண்டு வண்ண வண்ணமாக நிற்கின்றன, சுவரெல்லாம் கோணல் மாணலாக ஓடு பதித்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தாள். அவசரப்பட்டது நான்தான்.

ஹாம்பர்க்கில் ஏறும்போதே ஆறு மணிக்குள் போக முடியாது என்று தெரிந்துவிட்டது. விடுதிக்குப் போன் செய்தேன். "பரவாயில்லை, நிதானமாக வாருங்கள்" என்றார் அந்த அம்மணி. வாசல் கதவுக்கு இடப்பக்கம் சாவிப் பெட்டி, எண் இது, அறை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான். சின்ன விடுதிகளில் இரவு ஆள் வைப்பதில்லை என்பதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை, அதனால்தான் விலை குறைகிறது. போகும் வழியில் ஒரு போன் செய்தால் போதும்.

புக்ஸ்டஹூடா, ஷ்டாட என்று ஊர்கள் போயின. குக்ஸ்ஹாஃபனில் இறங்கியபோது ஏழாகப் போகிறது, சாரல் வேறு. அடுத்த பேருந்துக்கு நேரம் இருந்ததால் டாக்ஸி பிடித்தோம். ஓட்டுநர் அம்மாவின் பையை வாங்கி வைத்தார், கதவைத் திறந்து விட்டார், "மொய்ன்" என்றார். இந்தப் பக்கத்தில் காலை, மாலை, இரவு எல்லா நேரத்துக்கும் ஒரே வணக்கம் அதுதான். அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். பேக்கரியில், பேருந்தில், தெருவில் எதிரே வருபவரிடம் என்று ஊரை விட்டுக் கிளம்பும்வரை எல்லோருக்கும் மொய்ன்.

அறை சொன்னபடியே இருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர், இரண்டு கோப்பை, ஒரு தட்டில் நான்கைந்து தேயிலைப் பொட்டலம். கெட்டில் உண்டா என்று நான் கேட்டதை நினைவு வைத்து எடுத்து வைத்திருக்கிறார். அம்மா பிளாஸ்கைத் திறந்து ஆவி வருகிறதா என்று பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளை நல்லாருக்கணும்" என்றாள்.

வெளிச்சம் போவதற்குள் கடலைப் பார்த்துவிடலாம் என்று பையைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். புல் வளர்ந்த உயரமான கரை ஒன்று ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிறது. சரிவான பாதையில் மெதுவாக மேலே ஏறினோம்.

கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மண், அங்கங்கே தேங்கிய நீர், அதற்கப்பால் சாம்பல் வானம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏட்டி, கடல் உள்வாங்கியிருக்கு. வா, போயிருவோம்."

2004 டிசம்பரைப் பார்த்த தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர் யாருக்கும் முதலில் வரும் நினைப்பு அதுதான். கடல் பின்வாங்கினால் ஓட வேண்டும். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, இதுதான் இப்போது கடைசி, இனிமேல் ஏறத் தொடங்கும், நடு இரவு தாண்டி இந்தக் கரையோரம் வரை தண்ணீர் நிற்கும், நாளை மதியமும் அப்படியே என்று ஒவ்வொரு வாக்கியமாக, நான் அம்மாவுக்குச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார். தினம் இரண்டு தடவை. இங்கே நீர்மட்டம் மூன்று மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். தூத்துக்குடியில் ஒரு மீட்டர்கூட வராது. தரை வேறு தட்டையாக இருப்பதால் வற்றும்போது கடல் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய்விடுகிறது.

கையோடு கொண்டுவந்த புளியோதரையை அறையில் சாப்பிட்டோம். பக்கத்து உணவகத்தில் எட்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்று கதவிலேயே எழுதியிருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

கடற்பறவைகள் ஐந்து மணிக்கே கூரையில் கூட்டம் போட்டு எழுப்பிவிட்டன. எனக்கு எரிச்சல், அம்மாவுக்குச் சந்தோஷம்.

படுக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இருவர் கட்டில் என்றால் ஒரே சட்டத்துக்குள் இரண்டு தனி மெத்தை, நடுவில் ஒரு பள்ளம், ஆளுக்கொரு போர்வை. தலையணை 80க்கு 80 சென்டிமீட்டர் சதுரம், தலை வைத்தால் அமுங்கித் தரையைத் தொடும். அம்மா அதை இரண்டாக மடித்து, நடுவில் துண்டைச் சுருட்டி வைத்துத் தனக்கு வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்தாள். ஏசி கிடையாது, மின்விசிறியும் கிடையாது. ஜன்னலை மேல்பக்கம் சாய்த்துத் திறந்து வைத்தால் கடற்காற்று போதும். தனித்தனிப் போர்வை மட்டும் அருமையான ஏற்பாடு. யாரும் யாருடையதையும் இழுக்க முடியாது.

காலை உணவு எட்டு மணிக்கு. சூடான புரோட்சன் ரொட்டிகள், கறுப்பு ரொட்டி, வெண்ணெய், நான்கு வகைப் பாலாடைக்கட்டி, பழக்கூழ், தக்காளி, வெள்ளரி, புகையூட்டிய மீன், வேகவைத்த முட்டை. அம்மா முட்டையையும் மீனையும் தொடவில்லை. விடுதி அம்மணி வந்து, ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். புதன்கிழமைதான் புரட்டாசி பிறந்திருக்கிறது. மீன் இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாத எங்கள் வீட்டில் இந்த ஒரு மாதம் மட்டும் முட்டைகூடக் கிடையாது. அதை விளக்கினேன். "ஒரு மாதம் முழுக்கவா? மீன் ஊருக்கு வந்து?" என்று கண்ணை விரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய கிண்ணத்தில் குவார்க்கும் அதன்மேல் பெர்ரிப் பழங்களும் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். குவார்க் கெட்டித் தயிர் மாதிரிதான், புளிப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. அம்மா அதில் உப்பு போட்டுச் சாப்பிட்டதைப் பார்த்து மறுபடியும் கண்ணை விரித்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் பெயரில் விருந்தினர் அட்டை தந்தார். இதற்கு ஊர் ஒரு கட்டணம் வசூலிக்கிறது. அதை ஊர்க்காரர்கள் குர்டாக்ஸெ என்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சில யூரோ, பருவத்தைப் பொறுத்து மாறும். விடுதியின் விலைப் பட்டியலில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது, கடைசியில் தனியாகக் கேட்பார்கள். வெளியூரிலிருந்து பகலில் மட்டும் வருபவர் பருவ காலத்தில் கடற்கரைக்குக் கட்டணம் கட்ட வேண்டும், இந்த அட்டை இருந்தால் வேண்டாம். அதனால் இதை வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் திட்டம் போடும்போதே கூட்டிக்கொள்ள வேண்டும்.

வானம் வெளுத்துவிட்டது. பத்து மணிக்குக் கரைக்குப் போனால் கடல் வந்துகொண்டிருந்தது. அம்மா நேற்றுப் பார்த்த மண்ணைத் தேடினாள். மண் இருந்த இடமெல்லாம் தண்ணீர்.

மணலில் வரிசையாக ஸ்ட்ராண்ட்கோர்ப். பின்னிய கூடையால் செய்த, கூரை உள்ள, இருவர் உட்காரும் நாற்காலி. 1882இல் ரோஸ்டாக் நகரத்தில் பார்டெல்மான் என்ற கூடை முடைபவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட ஒரு சீமாட்டி காற்றுப் படாமல் கடற்கரையில் உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்து கொடுத்ததிலிருந்து வந்தது. முட்டி வலிக்காரருக்கு என்றே பிறந்த சாமான், அம்மாவுக்கு இதை விடப் பொருத்தமானது எது? நாள் வாடகை 12 யூரோ. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் காற்று முகத்தில் அடித்தது. பக்கத்துக் கூடையிலிருந்த தம்பதி எழுந்து வந்தார்கள். கணவர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் பிடித்து எங்கள் கூடையைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி, முதுகுப் பலகையைச் சாய்த்து, காலை நீட்டக் கீழிருந்து பலகையை இழுத்துவிட்டுப் போனார்கள். மூன்று மணி நேரம் அம்மா அசையவில்லை. கடலுக்கெதிரே ஓட்டல் ஜன்னலுக்காக இரவுக்கு 92 யூரோ கூடுதலாகக் கொடுப்பதை விட இந்த 12 யூரோ எவ்வளவோ மேல்.

மாலையில் வழிகாட்டியோடு வற்றிய கடலுக்குள் நடந்தோம். தனியாகப் போகாதீர்கள் என்று கரை முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காக வைத்ததல்ல. ஏற்றம் தொடங்கினால் முன்னாலிருந்து மட்டும் தண்ணீர் வராது. ஓடைகள் முதலில் நிரம்பி முதுகுக்குப் பின்னால் வழியை அடைத்துவிடும். டூனன் பக்கம் சேறு குறைவு, இறுகிய மணல். அம்மாவால் வெறுங்காலோடு நடக்க முடிந்தது. வழிகாட்டி தோட்டத்து மண்வாரியால் ஒரு குத்து குத்திப் புரட்டி, விரல் தடிமனில் ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மண்ணைத் தின்று, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைச் சுருள் சுருளாக வெளியே தள்ளும். அந்தச் சுருள்கள் தரை முழுக்கப் பிழிந்த இடியாப்பம் போலக் கிடந்தன. இந்தப் புழுவையும் சிப்பியையும் நம்பி ஆண்டுக்கு ஒரு கோடிப் பறவைகளுக்கு மேல் இங்கே இறங்கிப் போகின்றன. 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது இந்த ஈர மண்ணைத்தான்.

தூரத்தில் நொய்வெர்க் தீவு ஒரு கோடாகத் தெரிந்தது. வற்றத்தில் அங்கே நடந்தும் போகலாம், உயரமான குதிரை வண்டியிலும் போகலாம். வழி நெடுகச் சுள்ளிக்கட்டுகளை நட்டுப் பாதை குறித்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டவர் ஏறி நிற்க உயரமான கூண்டுகளும் நடுநடுவே உண்டு. பத்து கிலோமீட்டருக்குக் குறையாத நடை, வண்டியும் நன்றாகக் குலுக்கும் என்பதால் எங்கள் திட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை.

திரும்பும்போது அம்மா குனிந்து ஒரு கை மண் எடுத்து மோந்து பார்த்தாள். "நம்ம ஊரு கழிமுகத்து வாசம்தான்" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. அம்மா விடிகாலையில் குளித்து, ஜன்னல் திண்டில் போனில் பெருமாள் படத்தை வைத்துக் கும்பிட்டாள். விளக்கேற்ற முடியாது, அறையில் நெருப்பு கூடாது. விடுதி அம்மணி காலை உணவுக்கு அழைத்தபோது இன்று ஒரு பொழுதுதான் என்று சொன்னேன். அவர் மறுகேள்வி கேட்காமல் தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.

செப்டம்பர் என்று சொன்னால் நம்ப முடியாத வெயில். ஹாம்பர்க் பக்கமிருந்து ரயில் ரயிலாகக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. கரையை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் பேருந்தில் துறைமுகத்துக்குப் போனோம்.

ஆல்டெ லீபெ என்ற பழைய படகுத்துறை இப்போது இரண்டு அடுக்கு மர மேடை. 1733இல் கட்டத் தொடங்கிய இடம். ஹாம்பர்க் துறைமுகம் இங்கிருந்து எல்பெ ஆற்றில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே. அங்கே போகும் ஒவ்வொரு கப்பலும், கீல் கால்வாய்க்குத் திரும்பும் கப்பலும் இந்த மேடையை ஒட்டித்தான் போக வேண்டும். மேடையில் ஒரு ஒலிபெருக்கி. கப்பல் நெருங்கியதும் அதன் பெயர், எந்த நாட்டுக் கொடி, எவ்வளவு நீளம், எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு குரல் நிதானமாகப் படிக்கிறது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நானூறு மீட்டர் நீளக் கொள்கலன் கப்பல் ஒன்று வந்தபோது மேடையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். தாத்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். "அப்பா இருந்தா இங்கனயே பாயைப் போட்டிருப்பாரு" என்றாள் அம்மா.

மேடைக்குப் பக்கத்தில் கைகளை நீட்டிக்கொண்டு ஓர் இரும்புக் கம்பம். 1884ஆம் ஆண்டுக் காற்றுக்காட்டி. வானொலி இல்லாத காலத்தில் போர்கும், ஹெல்கோலாண்ட் தீவுகளில் காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று கடலுக்குப் புறப்படும் மாலுமிகளுக்குக் கம்பத்தின் கைகளும் முட்களும் காட்டின. இன்னும் நிற்கிறது.

சாப்பாட்டுக்குத்தான் அலைந்தோம். கூட்ட நாளில் முன்பதிவு இல்லாமல் நிழலில் இடம் கிடையாது. ஒரு கடையில் அட்டை வாங்க மாட்டோம், ரொக்கம் மட்டும் என்றார்கள். கடைசியில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்ன உணவகத்தில் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் மூலிகை கலந்த குவார்க்கும் கிடைத்தது, 11 யூரோ. பட்டியலில் மலிவான பதார்த்தமும் அதுதான், அம்மாவின் விரதத்துக்குப் பொருந்தியதும் அதுதான். பரிமாறிய பையன் முட்டை, மீன், இறைச்சி எதுவும் கலக்கவில்லையா என்ற என் கேள்விக்குச் சமையலறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். அம்மா பைக்குள்ளிருந்து மிளகாய்ப்பொடி எடுத்துத் தூவிக்கொண்டாள். பார்த்துவிட்டு, தானும் ருசி பார்க்கலாமா என்றான். ஒரு துண்டு கிழங்கில் தொட்டுக் கொடுத்தாள். இருமினான், சமாளித்தான், நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

மாலை கூகல்பாகெ வரை நடை. முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மரச் சட்டகம், ஊரின் முத்திரையிலும் இதுதான் இருக்கிறது. எல்பெ முடிந்து வட கடல் தொடங்குவது இங்கே என்பது கணக்கு.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரவே காற்று திரும்பிவிட்டது. காலையில் மழை, நேற்றைய வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை, மேல்சட்டைக்கு மேல் சட்டை போட வேண்டியிருந்தது. இந்தக் கடலோரத்தில் ஒரு நாளாவது மழைக்கென்று ஒதுக்காமல் திட்டம் போடக்கூடாது.

'விண்ட்ஷ்டெர்க்கெ 10' அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய மீன் பொதியும் கூடங்களில் 2013இல் திறந்தது. மூழ்கிய கப்பல்களும் ஆழ்கடல் மீன்பிடியும்தான் பொருள். இந்த ஊர்க் கப்பல்கள் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வரை போய்க் குளிரில் உறைந்த வலையை இழுத்திருக்கின்றன. 1975இல் ஐஸ்லாந்து தன் எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்தது. மற்ற நாடுகளும் அதையே செய்ய, ஜெர்மானிய ஆழ்கடல் மீன்பிடித் தொழில் சுருங்கிப்போனது. எல்லைக் கோட்டால் மீனவர் பிழைப்பு போவது அம்மாவுக்கு விளக்க வேண்டிய விஷயமில்லை. ராமேஸ்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்தவள். ஒரு புகைப்படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். துறையில் வரிசையாகப் பெண்கள் மீன் தரம் பிரிக்கும் படம். "கையைப் பாரு" என்றாள். அத்தனை பேர் கையும் வீங்கியிருந்தது.

வெளியே வந்து, துறையோரத்தில் கிராபன் வாங்கினேன். வட கடலின் சின்ன இறால், படகிலேயே கடல்நீரில் வேகவைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். உரித்ததை ரொட்டியில் வைத்தால் 11 யூரோ, ஓடோடு அரைக் கிலோ வாங்கினால் அதை விடக் குறைவு. அரைக் கிலோவில் மூன்றில் ஒரு பங்குதான் சதை, உரிக்கப் பொறுமை வேண்டும். உரிக்கும் கூலி குறைவு என்பதற்காகவே இங்கே பிடிக்கும் இறாலில் பெரும்பங்கு மொராக்கோவுக்குப் போய், உரிபட்டு, திரும்பி வருகிறது.

அறையில் மீன் சாப்பிடக்கூடாது என்று விடுதியில் அறிவிப்பு உண்டு. அம்மணியிடம் கேட்டேன். கொல்லைப்புறத்தில் கூரை போட்ட மேசையைக் காட்டினார். அங்கே அவருடைய தாயார் உட்கார்ந்திருந்தார், எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பொட்டலத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குக் கற்றுத்தரத் தொடங்கினார். தலையை ஒரு கையிலும் வாலை ஒரு கையிலும் பிடித்து, நடுவில் ஒரு திருகு, வால் பக்க ஓட்டை உருவி, மீதியைத் தலைப்பக்கம் இழுத்தால் சதை முழுசாக வரும். எனக்குப் பாதியிலேயே அறுந்தது.

அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "அம்மா, புரட்டாசி" என்றேன். "திங்கத்தான் கூடாது. உனக்கு உரிச்சுத் தர்றதுக்கு என்ன?" என்றாள். அவள் கைக்குச் சென்னாக்கூனி சைஸ் புதிதல்ல. இரண்டாவது இறாலிலேயே திருகு பிடிபட்டுவிட்டது. பாட்டி வேகத்தைக் கூட்டினார், அம்மாவும் கூட்டினாள். கூரையில் மழை கொட்டுகிறது, இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓடு ஒரு பக்கம் சதை ஒரு பக்கம் குவிகிறது. நடுவில் பாட்டி அம்மாவின் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓட்டுத் துணுக்கு எதுவும் ஒட்டவில்லை என்று கண்டுகொண்டு, அம்மாவின் தோளில் தட்டினார். நான் வெண்ணெய் தடவிய கறுப்பு ரொட்டியில் அள்ளி வைத்துச் சாப்பிட்டேன். லேசான இனிப்பு, பின்னால் உப்பு. எலுமிச்சைகூட வேண்டாம்.

அம்மா கையைக் கழுவிவிட்டு இரண்டு ஆப்பிள் சாப்பிட்டாள். அந்தத் தட்டும் பாட்டி கொடுத்ததுதான்.

செப்டம்பர் 22, திங்கள்

காலை உணவுக்குப் பிறகு பில். ஜெர்மன் விடுதி பில்லை ஒருமுறை பொறுமையாகப் படிப்பது நல்லது. அறைக்கு 7 சதவீத வரி, காலை உணவுக்கு அப்போது, 2025இல், 19 சதவீதம், அதனால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே குர்டாக்ஸெ தனிக் கணக்கு. நான் போனில் கேட்டு எழுதி வைத்திருந்த தொகைக்கு ஒரு சென்ட் கூடவில்லை. வெந்நீர் பிளாஸ்க், குவார்க் கிண்ணம், கொல்லை மேசை எதுவும் பில்லில் இல்லை. கிரெடிட் கார்டு வாங்குவதில்லை, ரொக்கமாகக் கொடுத்தேன்.

அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் பத்து மணி, எங்கள் ரயிலோ மதியம். பைகளைக் காலை உணவுக் கூடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியாக ஒருமுறை கரைக்குப் போனோம். காலையில் வற்றிய கடல் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைத் தானே பார்த்து, நேற்றை விட முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கிறது என்று சரியாகச் சொன்னாள்.

மே மாதத்துக்கு விலை என்ன என்று விடுதி அம்மணியிடம் கேட்டேன். முன்பதிவுத் தளங்கள் வழியாக வராமல் நேரடியாகக் கூப்பிட்டால் அவர்களுக்குத் தரும் கமிஷன் மிச்சம், அதில் ஒரு பங்கை எங்களுக்குக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். நான்கு இரவுக்கு மேல் தங்கினால் இன்னும் கொஞ்சம். தரைத்தள அறை ஒன்றுதான் இருக்கிறது, ஜனவரிக்குள் சொல்லிவிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை எத்தனை இறால் வாங்க வேண்டும் என்று ரயிலில் ஏறும்வரை என்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டு வந்தாள்.